பட்டியலில் நம் பெயர்: கீழ்விரி பட்டியலும் எண்ணிட்ட தொகுப்பும்

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மகனோ மகளோ மருமகளோ ஒருவர் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறார். ஊரிலிருந்து வந்த பெரியப்பா, "என்னப்பா வேலை செய்யறே?" என்று கேட்டால், "புரோகிராம் எழுதறேன் பெரியப்பா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த வேலையில் ஒரு சின்ன மூலையையாவது வீட்டிலுள்ள மற்றவர்களும் புரிந்துகொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் நோக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பது, நாம் எல்லோரும் தினமும் பார்க்கும் ஒரு பொருள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கட்டம். அதன் ஓரத்தில் கீழ்நோக்கிய ஒரு சின்ன அம்புக்குறி. அதைத் தொட்டால் ஒரு பட்டியல் திரைச்சீலைபோல இறங்கும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். இதைக் கீழ்விரி பட்டியல் என்று எழுதுகிறோம். பேச்சில் டிராப்டவுன் என்றால்தான் எல்லோருக்கும் புரிகிறது.

இந்தப் பட்டியலுக்குள் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன? யாரோ ஒரு புரோகிராமர் அவற்றை எழுதி வைத்திருக்கிறார். எழுதி வைத்ததுதான் வரும். அவர் விட்டுவிட்ட பெயர் எவ்வளவு தேடினாலும் வராது. "லிஸ்ட்ல நம்ம பேரே இல்லையே, என்ன பண்றது?" என்று கவுன்ட்டரில் கேட்டால், "அதர்ஸ்னு போடுங்க சார்" என்ற பதில்தான் கிடைக்கும். ஆகவே இது வெறும் தொழில்நுட்பச் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது.

எண்ணிட்ட தொகுப்பு என்றால் என்ன?

ஒரு வகையைச் சேர்ந்த பொருள்கள் இத்தனைதான், இன்னின்னவைதான் என்று வரையறுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் ஒரு பெயரும் கொடுத்து வைப்பதைக் கணினி மொழிகளில் எனுமரேஷன் என்பார்கள். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக ‘எனம்’ என்பார்கள். சுவிட்சர்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் 1970-இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியில் இந்த வசதி இருந்தது. 2002-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் டாட் நெட்டோடு வந்த சி ஷார்ப் மொழியிலும் உண்டு. ஜாவா மொழிக்கு 2004-இல் அதன் ஐந்தாம் பதிப்பில்தான் வந்தது.

பெயர் புதிது என்றாலும் கருத்து நமக்குப் புதிதன்று. பள்ளிக்கூடத்தில் வேற்றுமை படித்தவர்கள் நினைத்துப் பார்க்கலாம். "நான்காம் வேற்றுமை" என்று தமிழாசிரியர் சொன்னவுடன் ‘கு’ என்று வகுப்பே கூவும். நான்கு என்பது அங்கே வெறும் வரிசை எண் இல்லை. அந்த வேற்றுமையின் நிலையான அடையாளம். தொல்காப்பியம் வேற்றுமை ஏழு என்று சொல்வதைக் குறிப்பிட்டு, விளியையும் கூட்டி எட்டு ஆக்குகிறது. எட்டாவது வந்தது கடைசியில்தான். அதனால் முன்னிருந்த ஏழின் எண்களில் ஒன்றுகூட அசையவில்லை. மூன்றாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியர் காட்டிய உருபு ‘ஒடு’. பின்னால் வந்த நன்னூல் ஆல், ஆன், ஓடு, ஒடு என்று விரித்தது. உருபு பெருகியது, மூன்று மூன்றாகவே நின்றது. எண் நிற்கும், பெயர் மாறும், புதியது கடைசியில் சேரும்: நல்ல எண்ணிட்ட தொகுப்புக்குரிய மூன்று விதிகளும் இதில் அடங்கிவிட்டன.

பட்டியலை நிரப்பும் முறை

ஓர் எடுத்துக்காட்டோடு போவோம். வரன் பார்க்கும் பதிவேட்டுக்காக ஒரு சின்ன டெஸ்க்டாப் புரோகிராம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர், வயது, படிப்போடு நட்சத்திரமும் கேட்க வேண்டும். நட்சத்திரம் 27. அசுவினி 1, பரணி 2, கார்த்திகை 3 என்று தொடங்கி ரேவதி 27-இல் முடியும். இருபத்தெட்டாவது நாளை வரப்போவதில்லை. எனவே எண்ணிட்ட தொகுப்புக்கு இது மிகவும் பொருத்தமான பட்டியல்.

சி ஷார்ப் மொழியில் ‘நட்சத்திரம்’ என்று ஒரு தொகுப்பை அறிவித்து, 27 பெயர்களையும் எண்களோடு எழுதிவிடலாம். தொகுப்பின் பெயரையும் உறுப்புகளின் பெயரையும் தமிழ் எழுத்திலேயே எழுத அந்த மொழி இடம் கொடுக்கிறது. அடுத்து, திரையில் வைத்த காம்போ பாக்ஸ் என்னும் கட்டத்துக்கு இந்தத் தொகுப்பைக் கொடுக்க வேண்டும். தொகுப்பின் மதிப்புகளையெல்லாம் ஒரே வரிசையாகக் கேட்டு வாங்க ‘கெட் வேல்யூஸ்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது தரும் வரிசையைக் கட்டத்தின் ‘டேட்டா சோர்ஸ்’ என்ற பண்பில் பொருத்தினால் முடிந்தது. ஒரே வரியில் 27 நட்சத்திரமும் பட்டியலில் இறங்கிவிடும். ஒவ்வொன்றாகக் கையால் தட்டச்சிட வேண்டியதில்லை. தொகுப்பு ஓரிடத்தில் இருக்கிறது, பட்டியல் அதைப் பார்த்து நிரம்புகிறது. பத்துத் திரைகளில் நட்சத்திரம் கேட்டாலும் பத்தும் ஒன்றுபோல இருக்கும்.

இன்னொன்றும் செய்ய வேண்டும். அந்தக் கட்டம் தேர்ந்தெடுக்க மட்டும் விடுகிறதா, தட்டச்சிடவும் விடுகிறதா என்று நாம்தான் சொல்ல வேண்டும். தட்டச்சிட விட்டால் ஒருவர் பூசம் என்பார், இன்னொருவர் பூஸம் என்பார், மூன்றாமவர் புஷ்யம் என்பார். பிறகு தேடினால் மூன்று பேரும் மூன்று நட்சத்திரம். ‘டிராப்டவுன் லிஸ்ட்’ என்ற பாணியை வைத்தால் பட்டியலில் உள்ளதை மட்டுமே எடுக்க முடியும்.

இவ்வளவுதான் வேலை என்று பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

உள்ளே ஒரு பெயர், வெளியே ஒரு பெயர்

தொகுப்பில் எழுதும் பெயருக்குள் இடைவெளி வரக்கூடாது என்பது கணினி மொழியின் விதி. ரேவதி, ரோகிணி என்றால் தொல்லை இல்லை. மேற்கு வங்காளம் என்பதை ‘மேற்கு_வங்காளம்’ என்று கோடு போட்டு ஒட்டித்தான் எழுத வேண்டும். மேலே சொன்ன ஒரே வரியில் நிரப்பினால் அந்தக் கோட்டோடுதான் திரையில் தெரியும். பார்ப்பவர், "இது என்ன நடுவிலே கோடு?" என்பார்.

அதனால் உள்பெயர் வேறு, காட்டும் பெயர் வேறு என்று பிரித்து வைக்க வேண்டும். ஒவ்வோர் உறுப்பின் தலைமேலும் ‘டிஸ்கிரிப்ஷன்’ என்ற குறிப்பை எழுதி வைத்து, நிரப்பும்போது அதைப் படித்துக் காட்டுவது ஒரு வழி. எண்ணும் காட்டும் பெயரும் கொண்ட சிறு இணைகளாகச் செய்து, கட்டத்தின் ‘டிஸ்ப்ளே மெம்பர்’ என்ற பண்பில் பெயரையும் ‘வேல்யூ மெம்பர்’ என்ற பண்பில் எண்ணையும் பொருத்தலாம். பார்ப்பவர் கண்ணுக்குப் பெயர், சேமிப்பில் எண்.

இதன் அருமை இந்த ஊரில்தான் நன்றாகத் தெரியும். நம் திருவாதிரையைக் கன்னடப் பஞ்சாங்கம் ஆர்த்ரா என்கிறது. பூசம் அங்கே புஷ்ய, ஆயில்யம் ஆஶ்லேஷா, கேட்டை ஜ்யேஷ்டா, திருவோணம் ஶ்ரவண. இரு வீட்டாரும் ஒரே நட்சத்திரத்தைத்தான் சொல்கிறார்கள், பெயர்தான் வேறு. பெயரைச் சேமித்து வைத்த புரோகிராமுக்கு இவை இரண்டு நட்சத்திரம். 22 என்று சேமித்து வைத்ததற்கு இரண்டும் ஒன்றே. காட்டும் பெயர்களைத் தமிழுக்கு ஒன்று, கன்னடத்துக்கு ஒன்று என்று ரிசோர்ஸ் ஃபைல்களில் எழுதி வைத்தால், யார் திறந்தாலும் அவரவர் மொழியில் பட்டியல் இறங்கும்.

சும்மா விட்டவர் அசுவினி ஆன கதை

எண் கொடுக்காமல் பெயர்களை மட்டும் வரிசையாக எழுதினால், சி ஷார்ப் தானாகவே முதல் பெயருக்கு 0, அடுத்ததற்கு 1 என்று எண்ணிக்கொண்டு போகும். எதையும் தேர்ந்தெடுக்காதபோது அந்தத் தொகுப்பின் மதிப்பும் 0-தான். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? நட்சத்திரத்தை நிரப்பாமல் விட்டவர்கள் எல்லோரும் அசுவினி ஆகிவிடுவார்கள். போதாக்குறைக்கு, டேட்டா சோர்ஸைப் பொருத்தியவுடன் கட்டம் தானாகவே முதல் பெயரைத் தேர்ந்தெடுத்துக் காட்டும். அவசரத்தில் கவனிக்காமல் ‘சேவ்’ அழுத்தினால் அதுவே பதிவாகும்.

ஜாதகப் பொருத்தம் பார்க்கும் பதிவேட்டில் இது விளையாட்டான தவறு இல்லை. பொருந்தாது என்று ஒரு வரனை ஒதுக்கிவிட்டு, அந்தப் பெண் நட்சத்திரமே சொல்லவில்லை என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். இதற்கு மருந்து எளிது. ‘தேர்ந்தெடுக்கவில்லை’ என்ற உறுப்பை 0 என்ற எண்ணோடு முதலில் வைத்து, அசுவினியை 1 என்று வெளிப்படையாக எழுத வேண்டும். 0 இருக்கும்வரை சேமிக்கக் கூடாது, அல்லது ‘தெரியாது’ என்றே சேமிக்க வேண்டும்.

இன்னொரு பொறி: 45 என்ற எண்ணை ‘நட்சத்திரம்’ என்று மாற்றச் சொன்னால் சி ஷார்ப் மறுப்பே சொல்லாமல் மாற்றிக் கொடுக்கும். 45-ஆவது நட்சத்திரம் கிடையாது என்று அது நினைவூட்டாது. வெளியிலிருந்து வரும் எண்களை ‘இஸ் டிஃபைன்டு’ என்ற கட்டளையால் சோதித்த பிறகே உள்ளே விட வேண்டும்.

இரண்டு பட்டியல்கள், இரண்டு பாடங்கள்

எண்ணை ஏன் அசைக்கக் கூடாது என்பதற்கு நம் நாட்டிலேயே இரண்டு நல்ல உதாரணங்கள் உண்டு. முதலாவது, அரசியலமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணை. 1950-இல் அதில் 14 மொழிகள், ஆங்கில அகர வரிசையில். தமிழ் 12-ஆவது. 1967-இல் சிந்தி சேர்ந்தது. தமிழ் 13 ஆயிற்று. 1992-இல் கொங்கணி, மணிப்புரி, நேபாளி மூன்றும் சேர்ந்தன; தமிழ் 16. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி நான்கும் சேர்ந்து மொத்தம் 22 ஆனபோது தமிழ் 20. இப்போது 12-ஆவது இடத்தில் இருப்பது மணிப்புரி. சட்டப் புத்தகத்துக்கு இதனால் குறை ஒன்றுமில்லை. அங்கே எண் வரிசைக்காக மட்டுமே. ஆனால் பட்டியலில் எத்தனையாவது இடம் என்பதைத் தாய்மொழிக்கு அடையாளமாகச் சேமித்து வைத்த ஒரு புரோகிராம் இருந்திருந்தால், பழைய பதிவில் தமிழர் என்று இருந்தவர் புதிய பட்டியலில் மணிப்புரி பேசுபவராகத் தெரிவார். ஆளும் மாறவில்லை, மொழியும் மாறவில்லை. நடுவில் யாரோ பெயர் சேர்த்ததால் வந்த வினை.

இரண்டாவது, மாநிலக் குறியீட்டு எண்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கர்நாடகம் 29, தமிழ்நாடு 33. 2001 கணக்கெடுப்பில் உத்தராஞ்சல் 5, ஒரிசா 21, பாண்டிச்சேரி 34. 2011 முடிவதற்குள் மூன்றின் பெயரும் மாறி உத்தராகண்ட், ஒடிசா, புதுச்சேரி ஆகிவிட்டன. எண்கள் அப்படியே நின்றன. 2017 ஜூலை 1-இல் வந்த ஜி.எஸ்.டி. வரியும் இதே எண்களை எடுத்துக்கொண்டது. வணிகரின் 15 எழுத்துப் பதிவெண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலம். பெங்களூர்க் கடை பில்லில் 29 என்று தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

2014-இல் தெலங்கானா பிரிந்ததே, அப்போது என்ன ஆயிற்று? அகர வரிசையில் தமிழ்நாட்டுக்கும் திரிபுராவுக்கும் நடுவில் செருகி எல்லா எண்ணையும் தள்ளிவைக்கவில்லை. கடைசியில் 36 என்று புது எண் கொடுத்தார்கள். பிரிவினைக்குப் பிந்தைய ஆந்திரத்துக்கு 37. பழைய 28, ஒன்றுபட்ட ஆந்திரத்தின் எண்ணாகவே நின்றுவிட்டது. 2019-இல் வந்த லடாக்குக்கு 38. 2020-இல் டாமன் - டையூ, தாத்ரா - நகர் ஹவேலியோடு இணைந்தபோது 26 தொடர்ந்தது, 25 ஓய்வு பெற்றது. தொல்காப்பியர் விளியை எட்டாவதாக வைத்தது போலத்தான் இதுவும்.

இந்த எண்ணில் பணமும் இருக்கிறது. ஒரு பெங்களூர் வியாபாரி பெங்களூருக்குள்ளேயே சரக்கு விற்றால் மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. அதே சரக்கை எல்லை தாண்டி ஓசூர்க் கடைக்கு அனுப்பினால் ஒருங்கிணைந்த வரி. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட டாலி போன்ற கணக்கு மென்பொருள்களில் மாநிலம் என்ற கீழ்விரி பட்டியலில் நாம் தொடும் ஒரு பெயர்தான் இதைத் தீர்மானிக்கிறது. அங்கே ஒரு வரி தள்ளிப்போனால் பில் தவறு, வரி தவறு, திரும்பக் கட்டவேண்டிய அலைச்சல் வேறு.

நம் ஊரின் பெயரே 2014 நவம்பர் 1-இல் பெங்களூரு என்று மாறியது. 2008-இல் விமான நிலையம் எச்.ஏ.எல்.-லிலிருந்து தேவனஹள்ளிக்குப் போயிற்று. பயணச்சீட்டில் மட்டும் பி.எல்.ஆர். என்பதே தொடர்கிறது. மெட்ராஸ் 1996-இல் சென்னையான பிறகும் எம்.ஏ.ஏ. போகவில்லை.

தமிழ் வரிசை தரும் தொல்லை

பட்டியலை எந்த வரிசையில் காட்டுவது? நட்சத்திரத்தை அகர வரிசையில் அடுக்கினால் யாரும் ஒப்பமாட்டார்கள். அதற்கு இயல்பான வரிசை உண்டு. மாவட்டம் என்றால் அகர வரிசைதான் வசதி. இங்கே தமிழுக்கென்று ஒரு சிக்கல். கணினி யூனிகோடு எண்களைப் பார்த்து அடுக்கினால் றன்னகரம் தன் இடத்தில் இருப்பதில்லை. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த இஸ்கி குறியீட்டு வரிசையைப் பின்பற்றியதால், யூனிகோடில் ‘ந’வுக்கு அடுத்தபடியே ‘ன’ உட்கார்ந்திருக்கிறது. நமக்கோ ன கடைசி மெய்.

விளைவைப் பாருங்கள். நம் வரிசையில் கடலூர், கரூர், கள்ளக்குறிச்சி, கன்னியாகுமரி. எண் வரிசையில் கடலூர், கன்னியாகுமரி, கரூர், கள்ளக்குறிச்சி. ‘க’ பகுதியின் கடைசியில் கன்னியாகுமரியைத் தேடுபவர், "காணோமே" என்று திகைப்பார். தமிழ் நெடுங்கணக்கு வரிசையைச் சொல்லிக் கொடுத்துத்தான் அடுக்கச் சொல்ல வேண்டும்.

எது முடிந்த பட்டியல்?

இனி எல்லாவற்றிலும் பெரிய கேள்விக்கு வருவோம். எண்ணிட்ட தொகுப்பைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிட்டால், அதில் ஒன்றைச் சேர்க்க மறுபடி புரோகிராமைத் திருத்தி, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் புதிதாக நிறுவ வேண்டும். ஆகவே நட்சத்திரம், ராசி, கிழமை, வேற்றுமை போல முடிந்த பட்டியலுக்கே அது பொருந்தும். மாவட்டங்கள் அப்படியல்ல. தமிழ்நாட்டில் 2019-இல் மட்டும் ஐந்து மாவட்டங்கள் பிறந்தன. 2020-இல் மயிலாடுதுறையோடு 38 ஆயின. கர்நாடகத்தில் 2021-இல் விஜயநகரம் 31-ஆவதாக வந்தது. இப்படி வளரும் பட்டியலைத் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையாக வைத்து, அதிலிருந்து கட்டத்தை நிரப்புவதே முறை. ஒரு வரி சேர்த்தால் போதும்.

முடிந்தது என்று நாம் நினைப்பதும் முடிந்ததாக இருப்பதில்லை. ஆண், பெண் என்று இரண்டே போதும் என்று எழுதப்பட்ட புரோகிராம்கள் ஏராளம். 2011 கணக்கெடுப்பு ‘இதர’ என்ற விடையையும் ஏற்றது. 2014 ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்பளித்தது. இரண்டே இடம் வைத்திருந்தவர்கள் அடித்தளத்திலிருந்து மாற்ற வேண்டியதாயிற்று.

தாய்மொழிப் பட்டியலும் இப்படித்தான். எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளை அப்படியே எடுத்து ஒரு தொகுப்பாக்கிவிடுவது எளிது. ஆனால் இதே கர்நாடகத்தின் துளுவும் கொடவாவும் அதில் இல்லை. மதுரைச் சௌராஷ்டிரர் வீட்டில் பேசும் மொழியும், நீலகிரியின் படுக மொழியும் இல்லை. அந்தக் குழந்தைகள் பள்ளிச் சேர்க்கையில் ‘பிற’ என்று விழுவார்கள். ‘பிற’ என்று பதிந்தவர்களைப் பின்னால் எண்ணிப் பார்க்க வழியில்லை. பிற என்று ஒன்று வைத்தே தீர வேண்டுமானால், பக்கத்தில் ‘எந்த மொழி?’ என்று எழுத ஒரு கட்டமாவது வைக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 21 லட்சம். அந்த எண்ணிக்கை கிடைத்தது, நம் மொழிக்கென்று ஒரு குறியீடு இருந்ததால்தான். அந்த வசதி இல்லாதவர்களை மறக்காமல் இருப்பது நமக்கு அழகு.

இந்தத் தொழிலில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை சிலவே. எண்ணை வெளிப்படையாக எழுதுங்கள். ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றாதீர்கள், வேறொன்றுக்குத் தராதீர்கள். சுழியத்தைத் ‘தேர்ந்தெடுக்கவில்லை’ என்பதற்கு விட்டுவையுங்கள். எண்ணைச் சேமியுங்கள், பெயரைக் காட்டுங்கள். வளரும் பட்டியலைப் புரோகிராமுக்குள் பூட்டாதீர்கள். தொழிலில் இல்லாத மற்றவர்களுக்கு ஒன்று: அடுத்த முறை திரையில் ஒரு பட்டியல் இறங்கும்போது, முதலில் நிற்பதை அப்படியே விடாமல் கடைசிவரை படித்துப் பார்த்துத் தொடுங்கள். உங்களுக்கு உரியது அதில் இல்லையென்றால் எழுத்தில் கொடுத்துக் கேளுங்கள். பட்டியலை எழுதியவரும் நம்மைப்போல் ஒரு மனிதர்தான், சொன்னால் சேர்ப்பார்.